கேன்டீனில் ஒரு வேதியியல் வகுப்பு

இன்று மதியம் முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. துரு எடுக்கிற ஆசிட்டும் ஈர இரும்பும் கலந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் துப்பட்டா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வருமே, அதே வாசனை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கியரில் கை வைத்தபடி, "வந்துட்டியா, ஏறு" என்று சொல்லிவிட்டேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ஏறியது உன் லேபுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண். செய்யாறு பக்கமாம். "தேங்க்ஸ்ணா" என்று சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் இருக்கிற உன் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ போன பிறகு அந்த சீட்டில் யாரும் உட்காருவதில்லை. யாரும் சொல்லி வைத்து நடக்கிற காரியம் இல்லை இது. கூட்டம் அதிகமான நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார்களே தவிர, அங்கே உட்கார மாட்டார்கள். செல்வி எழுந்து வந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லப் போனாள். "வுடு செல்வி, உக்காரட்டும்" என்றேன். பாவம், அதுவும் காலையிலிருந்து நின்று வேலை செய்த பெண்தானே. ஆனால் வல்லக்கோட்டை தாண்டும் வரைக்கும் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு எவன் கடிதம் எழுதுவான்? எழுதியிருந்தால் நீ சிவப்பு மையில் பிழை திருத்திக் கொடுத்திருப்பாய்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என்ன படித்திருக்கிறாய் என்று என் அம்மா கேட்டாள். "கெமிஸ்ட்ரி. பி.எட். முடிச்சிருக்கேன். டீச்சர் வேலைக்குப் போவேன்" என்றாய். போக ஆசை என்று சொல்லவில்லை, போக விடுவீர்களா என்றும் கேட்கவில்லை. போவேன் என்றாய். பத்தாவதோடு படிப்பை ஏறக்கட்டிய நான், காபி டம்ளரை வைத்துக்கொண்டு, அதற்கென்ன, போகட்டுமே என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். உன் அண்ணன் மட்டும் சிரித்தார். சென்னையில் இன்ஜினியர் வேலை பார்க்கிறவர். "இவ பேசறது எல்லாம் அப்படித்தான் மாப்ள, முடிவு பண்ணிட்டுத்தான் வாயத் தொறப்பா" என்றார். தங்கச்சியைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு பெருமை, அதற்கு மேல் ஒரு கவலை.

தகுதித் தேர்வில் நீ பாஸானாய். பட்டியலில் உன் பெயர் இருந்தது. வேலைதான் வரவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்தே நமக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. நடுவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். மாம்பழக் கலரில் கரை வைத்த காட்டன் புடவை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனாய். போன வேகத்தில் திரும்பி வந்தாய். பாடத்தை ஆரம்பித்த உடனே நிறுத்தி, முழுக்க இங்கிலீஷில் நடத்துங்கள் மேடம் என்று சொல்லியிருக்கிறார்கள். உனக்கு வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது கேட்டாய்: "அணுவுக்கு இங்கிலீஷ் தெரியுமாங்க?" நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்று கண்ணாடியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த முலாம் பூசும் கம்பெனியில் லேப் வேலைக்குச் சேர்ந்தாய். "ஸ்கூல் வேலை வர்ற வரைக்கும்" என்று சொல்லிச் சேர்ந்தாய். கேட்டவர்களிடம் எல்லாம் கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாய்.

வேலை வருவதற்கு முன்னாலேயே நீ வகுப்பை ஆரம்பித்துவிட்டாய், வீட்டில். மாணவன் ஒரே ஆள், அதுவும் மாப்பிள்ளை பெஞ்ச். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது தடுமாறக் கூடாது என்று, சமையல்கட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடத்துவாய். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன்.

"அணுன்னா இன்னா, சொல்லுங்க பாக்கலாம்."

"ரொம்பச் சின்னது."

"எவ்ளோ சின்னது?"

"நம்ம வூட்டு ஹால் அளவுக்கு."

சாக்பீஸ் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நல்லவேளை, ரசத்தில் விழவில்லை.

எலக்ட்ரான்கள் எப்படி இடம் பிடிக்கும் என்று புரியவைக்க என் பஸ்ஸையே இழுத்தாய். "வடக்குப்பட்டுல ஏறுறவங்க உங்க பஸ்ஸுல எப்படி உக்காருவாங்க?" என்று கேட்டாய். ஆளுக்கு ஒரு சீட்டில், ஜன்னல் ஓரமாக என்றேன். ஏன் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை என்றாய். "எடம் காலியா கீது, எதுக்கு இடிச்சிகினு உக்காரணும்?" என்றேன். "அதேதாங்க. எலக்ட்ரானும் அப்படித்தான். ஒரே மாதிரி இடம் காலியா இருக்கற வரைக்கும் தனித்தனியா உக்காரும். இடம் தீந்த பிறகுதான் ஜோடி சேரும்." மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொருத்தராக ஏறி, ஒவ்வொரு ஜன்னலாகப் போய் உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு யார் பாடம் நடத்தியது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது ஏறிய செல்வி, "இன்னாணா, தனியா சிரிச்சிகினு கீற?" என்று கேட்டாள்.

உப்பைப் பற்றி நீ சொன்னதும் அப்படித்தான். சோடியத்தைத் தனியாக வாயில் போட்டால் வாய் வெந்துவிடும், குளோரின் தனியாக இருந்தால் விஷ வாயு, ஒன்று கொடுத்து ஒன்று வாங்கிச் சேர்ந்தால் சோற்றுக்கு உப்பு என்றாய். கொடுத்து வாங்கிச் சேருவது ஒரு வகைப் பிணைப்பு, எலக்ட்ரானைப் பங்கு போட்டுச் சேருவது இன்னொரு வகை என்றாய். "நாம எந்த வகை?" என்று கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை. "பங்கு போடற வகை. ஒரே போர்வை, ரெண்டு பேரு. ஆனா நீங்க தூக்கத்துல உங்க பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி இழுத்துப்பீங்க. அணுவுலயும் அந்த மாதிரி உண்டு. அதுக்குப் பேரு துருவப் பிணைப்பு" என்றாய். இப்போது முழுப் போர்வையும் எனக்குத்தான். இழுக்க ஆள் இல்லாமல் அது பாட்டுக்குக் கிடக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் உன்னோடு சண்டை போட்டேன். பிணைப்பு உடைந்தால் சக்தி வெளியே வரும், டீசல் எரிவதே அப்படித்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். எத்தனை காலமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? நீ கதவில் படம் போட்டுக் காட்டினாய். "பாதிப் பசங்க இப்படித்தான் எழுதி மார்க்கக் கோட்ட விடுவாங்க. உடைக்கறதுக்குச் சக்தி செலவாகும். புதுசா சேரும்போதுதான் வெளிய வரும். பழசு உடையச் செலவானது போக மீதி இருக்கே, அதுலதான் உங்க பஸ் ஓடுது." நான் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா வீம்புக்கு.

பச்சையம்மா விஷயத்தை எழுதாமல் இருக்க முடியாது. உனக்குக் கேன்டீன் வகுப்பு கிடைத்ததே அதனால்தான்.

இரும்பு பாகங்களுக்கு நிக்கல் ஏற்றுகிற பெரிய தொட்டி உங்கள் கம்பெனியில் இருந்தது. அதில் இருக்கிற கரைசல் பச்சைப் பசேலென்று இருக்கும். லைனில் வேலை செய்த பெண்கள் எல்லாரும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பெண்கள். அவர்கள் அந்தத் தொட்டிக்குப் பச்சையம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷிப்டுக்கு வந்ததும் அதன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளவுஸ் மாட்டுவார்கள். நீ கோயிலுக்குப் போய்ச் சிலுவை போடுகிறவள். ஆனாலும் அவர்களை ஒரு நாளும் கேலி பண்ணியதில்லை. "அவ்ளோ பச்சையா, அவ்ளோ அழகா இருந்தா யாருக்குத்தான் கும்பிடத் தோணாது" என்று என்னிடம் சொல்வாய்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தொட்டிக்கு வெளிப்பக்கம் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு சொட்டு எதுவும் விழக்கூடாது என்று நீ முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தாய். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, செல்வி ஓர் அகல் விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றி, தொட்டியின் விளிம்பில் வைத்திருக்கிறாள். மெஷினுக்கெல்லாம் பூஜை நடக்கிறது, சாமிக்கே ஒரு விளக்கு இல்லையே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. விளக்கு கவிழ்ந்து எண்ணெய் உள்ளே போய்விட்டது. பயந்துபோய் அகலை எடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

லீவு முடிந்து லைன் ஓட ஆரம்பித்தபோது வந்த பாகமெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. கட்டை விரலால் தேய்த்தாலே பூச்சு உரிந்து வந்தது. மேனேஜர் குதித்தார். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், ஆள் யாரென்று சாயங்காலத்துக்குள் தெரியாவிட்டால் அந்த ஷிப்டில் இருக்கிற கான்ட்ராக்ட் பெண்கள் ஒருத்தரும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ கண்ணாடி பாட்டிலில் கரைசலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். மேலே மெல்லிசாக எண்ணெய்ப் படலம். மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது, நல்லெண்ணெய். தலையைத் தூக்கி லைனைப் பார்த்தபோது எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், செல்வி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நீ எனக்குச் சொன்னாய்.

மேனேஜரிடம் நீ பேசியதை அன்று வீட்டில் எனக்கு நடித்தே காட்டினாய். இடுப்பில் கை வைத்து அவர் நின்ற மாதிரியும் நின்றாய். "சார், விழுந்தது எண்ணெய்னு என்னால சொல்ல முடியும். ஊத்துனது யாருன்னு பாட்டில் சொல்லாது. அந்தத் தொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நாம இவங்களுக்குச் சொன்னதே இல்ல. சாமின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. சாமின்னு நெனச்சா விளக்கு வைக்கத்தான் செய்வாங்க. தொட்டியை நான் சரி பண்ணிடறேன். யாரையும் நிறுத்தாதீங்க. அதுக்குப் பதிலா எனக்கு அரை மணி நேரம் கொடுங்க, இவங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

"பாடமா?" என்றாராம்.

"ஆமா சார், பாடம்."

மேலே மிதந்த எண்ணெயை வழித்தெடுத்து, கரித்தூளைக் கொட்டிக் கலக்கி, வடிகட்டி, மறுபடியும் வடிகட்டி, அந்தப் பெண்களையும் கூட வைத்துக்கொண்டு தொட்டியைச் சுத்தம் பண்ணினாய். அடுத்து வந்த பாகத்தில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. மேனேஜருக்கும் கோபம் இறங்கியது. ஒருத்தி வேலையும் போகவில்லை. சனிக்கிழமை தோறும் இரண்டாம் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் கேன்டீன் உனக்கு என்று ஏற்பாடாயிற்று.

முதல் வகுப்பன்று மாம்பழக் கலர்ப் புடவையை மறுபடியும் கஞ்சி போட்டாய். அதன் மேல் கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டாய். நான் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் கேன்டீனின் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். உள்ளே சாம்பார் அண்டா கழுவுகிற சத்தம். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அன்றைய சாப்பாடு, எலுமிச்சை சாதம் என்று எழுதியிருந்தது. அதை அழித்துவிட்டு நீ திரும்பினாய். பெஞ்சு நிறைய நீல யூனிபார்ம். மார்க்கரின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றினாய். இங்கிலீஷில் நடத்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நம்ம பச்சையம்மா வயித்துல இன்னா கீதுன்னு இன்னிக்குப் பாக்கலாமா?" என்று ஆரம்பித்தாய். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதோடு மூடியை மேசையில் வைத்துவிட்டாய்.

நிக்கல் அணு இரண்டு எலக்ட்ரானைத் தொலைத்துவிட்டுத் தண்ணீரில் திரிகிறது, அந்தப் பச்சை நிறமே அதுதான் என்றாய். நாம் கரண்ட் கொடுக்கும்போது, இரும்பின் மேல் தொலைத்த இரண்டும் அதற்குத் திரும்பக் கிடைக்கிறது, கிடைத்த உடனே உலோகமாகி அங்கேயே பிடித்துக்கொள்கிறது என்றாய். "நடுவுல எண்ணெய் இருந்தா? ஒண்ணை ஒண்ணு தொட முடியாது. தொட முடியலன்னா எப்படிப் பிடிச்சுக்கும்? அவ்ளோதான் நடந்தது. சாமி குத்தமும் இல்ல, மனுஷக் குத்தமும் இல்ல. தெரியாமப் போச்சு, இப்பத் தெரிஞ்சு போச்சு." செல்வி முன் பெஞ்சிலிருந்தவளின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே வரும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர்..." என்றாள். அதுவரைக்கும் உன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

அன்று வீட்டுக்கு வந்து இறங்குகிற இடத்தில், "அவ டீச்சர்னு கூப்பிட்டா, கேட்டீங்களா?" என்றாய். கேட்காமல் என்ன? பஸ்ஸே கேட்டது.

பிறகு என் பஸ்ஸை முதலாளி வேறொரு கம்பெனி ரூட்டுக்கு மாற்றிவிட்டார். அந்த ஆளை நான் திட்டாத நாள் கிடையாது. உன் மற்ற வகுப்புகளை நீ வந்து சொல்லக் கேட்டதோடு சரி. மறுபடி என்னை இந்த ரூட்டில் விட்டது நீ போன பிறகுதான். சர்க்கரை, சாராயம், ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர், மூன்றிலும் இருப்பது அதே மூன்று வகை அணுதான், சேர்ந்திருக்கிற விதம்தான் வேறே என்று ஒரு நாள் சொன்னாயாம். "அப்ப எங்க வூட்டுக்காரு சக்கரை துன்ட்டுச் சும்மா கெடக்கலாமே டீச்சர்" என்று ஒருத்தி கேட்க, கேன்டீனே அதிர்ந்ததாம். அதைச் சொல்லும்போது நீ எப்படிச் சிரித்தாய்! உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

வயிற்று வலி என்று நீ முதலில் சொன்னபோது காரமாகச் சாப்பிட்டிருப்பாய் என்றேன். பிறகு கண் மஞ்சளாயிற்று. கணையத்தில் கட்டி என்றார்கள். அதற்கப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்து, ஒரு மத்தியானம் நீயாகச் சிரித்தாய்.

"இதுவும் அதே உப்புதாங்க."

"எந்த உப்பு?"

"நம்ம சோத்து உப்பு. தண்ணி நடுவுல பூந்து ரெண்டையும் பிரிச்சிடும். தனித்தனியா அலையும். தண்ணி வத்திப்போச்சுன்னா மறுபடி சேந்துக்கும்."

எனக்குப் பாடம் கேட்கிற நிலைமை இல்லை. ஆனாலும் "சரி டீச்சர்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய், உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

நீ போன அன்று உன் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அணுவுக்கு அழிவில்ல மாப்ள, அவளே சொல்லுவாளே, எங்கயும் போயிடல அவ" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. நான் உன்னிடம் படித்தவன். அணு எதுவும் தொலையவில்லை, எனக்கும் தெரியும். அவை சேர்ந்திருந்த விதம் இருந்ததே, அதுதான் போயிற்று. அந்த விதம்தானே நீ? கேலி செய்ததும், சாக்பீஸ் எறிந்ததும், கஞ்சி போட்ட புடவையில் பலகை முன்னால் நின்றதும் அதுதானே? அணுவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்றைக்கு டீசல் சண்டையில் நீ சொன்னதுதான் சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். உடைவதற்குச் செலவாகிறது. எனக்கு இன்னும் செலவாகிக்கொண்டே இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் உனக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். கல் வெட்டுகிறவரிடம் உன் பெயர், பிறப்பு, இறப்பு எழுதிக் கொடுத்தேன். கீழே ஒரு வரி, வேதியியல் ஆசிரியை என்று வெட்டச் சொன்னேன். "எந்த ஸ்கூல்ல வேல செஞ்சாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். விஷயம் உன் அண்ணன் காதுக்குப் போனது. அவர் போன் போட்டு, "வாணாம் மாப்ள. கல்லுல எழுதறது காலத்துக்கும் நிக்கும். செய்யாத வேலையைப் போட்டா நாளைக்கு யாராவது சிரிப்பாங்க. அவளுக்குத்தான் அது அசிங்கம். பேரு மட்டும் போதும்" என்றார். நான் முடியாது என்றேன். அவரும் விடவில்லை. கல்வெட்டுக்காரர் எங்கள் சண்டையில் மாட்டாமல், உன் பெயருக்குக் கீழே இடத்தை வெறுமையாக விட்டுக் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுவர்த்தியும். உன் அண்ணனும் வந்திருந்தார். அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அப்போது முதல் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு உன் பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். சாமந்தி மாலையும், ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தியும். அவர்களில் ஒருத்திகூட நம்ம கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

செல்வி கல்லைப் படித்தாள். "இன்னாணா, டீச்சர்னு போடல?" என்று கேட்டாள்.

நான் உன் அண்ணனைப் பார்த்தேன். அவர் பொறுமையாக, "அவ எந்த ஸ்கூல்லயும் வேலை செய்யலம்மா" என்றார்.

"ஸ்கூல்ல இல்ல சார். எங்களுக்கு நடத்துனாங்க, கேன்டீன்ல. பாடம் இன்னும் முடியல சார்." அவள் மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் சாய்த்து, நாலு சொட்டு மெழுகை விட்டு அதில் அதை நிறுத்தினாள். "கடைசியா வந்தன்னிக்கு இதே மாதிரி மெழுகு உருக்கிக் காட்டுனாங்க. உருகுன மெழுகுல கெட்டி மெழுகப் போட்டா அடியில போயிட்ச்சி. தேங்கா எண்ணயும் அப்படித்தான், உறஞ்ச துண்டு உள்ள முழுகிப் போவும். அப்புறம் ஒரு டம்ளரு தண்ணியில ஐஸைப் போட்டாங்க. அது மட்டும் மெதக்குது. எல்லாமே உறஞ்சா முழுகும்போது தண்ணி மட்டும் ஏன் மெதக்குது, யோசிச்சிகினு வாங்க, அடுத்த வாரம் சொல்றேன்னாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பூட்டாங்க."

இது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. சொல்ல நேரமில்லாமல் போயிருக்கும்.

உன் அண்ணன் படித்தவர் இல்லையா, மனசும் இளகிப் போயிருந்தது. "அது ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. தண்ணி உறையும்போது என்ன ஆகுதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வாணாம் சார்!" செல்வி கையை நீட்டித் தடுத்தாள். சத்தமாகச் சொல்லிவிட்டதில் அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோச்சிக்காதீங்க சார். போன்ல தட்டுனா வந்துரும், எங்களுக்கும் தெரியும். யாரும் பாக்கக் கூடாதுன்னு லைன்ல பேசி வெச்சிகீறோம். அத்த டீச்சர்தான் சொல்லணும்" என்றாள்.

உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "அந்தக் கல் வெட்டுறவரு நம்பரைக் குடுங்க மாப்ள" என்றார்.

அந்த வரி இப்போது கல்லில் இருக்கிறது. நானும் போனில் தட்டிப் பார்க்கவில்லை. கரும்பு ஜூஸ் கடையில் டம்ளரில் ஐஸ் மிதப்பதைப் பார்த்தால் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறேன், கடைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். பஸ்ஸில் செல்வி ஏறும்போது சில நாள், "எதுனா தோணிச்சாணா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.